ராகுகாலம் முடிந்ததும் கிக்-ஆஃப்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி நேரம் நான் என் வீட்டில் உட்காரவேயில்லை. அதனால் என் மகளின் கல்யாணமே குழம்பிப் போகப் பார்த்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

மகள் தாரணிக்கு இருபத்தெட்டு வயது. ஜெறோம் என்ற பையனை நான்கு வருடங்களாக விரும்புகிறாள். நல்ல பிள்ளை. மன்னார்க் குடும்பம், கத்தோலிக்கர்கள், லண்டனில் சவுத்தாலில் இருக்கிறார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள், லண்டனின் மற்றப் பக்கம், பிளேஸ்டோவில். மதத்தைப் பற்றி என் கணவரும் நானும் இரண்டு வருடங்களுக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்டோம். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்பதுதான் முடிவு. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பையனின் தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து முறையாகக் கதைக்க வேண்டும்.

ஜெறோமின் அம்மா றீற்றா போன் எடுத்தார். "ஞாயிறு பூசை முடிஞ்சு நேர வெளிக்கிட்டு வாறம் அக்கா. நாலரைக்கு அங்க நிப்பம்."

எனக்குப் பெரிய நிம்மதி. நாலரைக்கு வந்தால் ஆறு மணிக்குள் முக்கியமான கதையெல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு என் அணியின் பிளே-ஆஃப் ஆட்டம்.

ஓம், அமெரிக்கன் ஃபுட்போல். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். தெரியாதவர்களுக்கு… அமெரிக்க அணிகள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் லண்டனுக்கு வந்து சில ஆட்டங்கள் ஆடும். சில வருடங்களுக்கு முன் தாரணிக்கு ஆபீசில் இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். "ஹெல்மெட் போட்ட மாட்டுச் சண்டை, நான் வரேல்லை" என்று இவர், என் கணவர், சொல்லிவிட்டார். நான் போனேன். மழையில் நனைந்துகொண்டு பார்த்தேன். நான்கு தடவைக்குள் பத்து யார்ட் தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அகதி விண்ணப்பம் போட்டு, அப்பீல் போட்டு, மறுபடியும் அப்பீல் போட்டவளுக்கு இந்த விளையாட்டு விளங்காமல் போகுமா?

அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. என் அணியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். இங்கே பெயர் எழுதிய வாரமெல்லாம் தோற்றிருக்கிறார்கள்.

வருடா வருடம் தையில் வருகிற பிளே-ஆஃப் என்றால் இரக்கமே இல்லாத விஷயம். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்கு மாதம் குளிரிலும் சேற்றிலும் ஆடிச் சேர்த்ததெல்லாம் ஒரே மாலையில் போய்விடும். அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. ஒரே பதகளிப்பு. வேலையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்துக்கு அப்பொயின்ட்மென்ட் கொடுத்து, மேனேஜரிடம் பேச்சும் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை இவர் வந்து சொன்னார். "நாளைக்கு நாலரைக்கு ராகுகாலமெல்லோ. ஆறு மணிக்குப் பிறகு வரச் சொல்லும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவை சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். அவைக்கு ராகுகாலம் ஏது?"

"எங்கட பிள்ளைக்கு இருக்கெல்லோ?"

"இஞ்ச நாலேகாலுக்கே சூரியன் விழுந்து இருட்டிப் போகுது. லண்டன் சூரியனைப் பாத்துக் கணக்குப் போட்டால் அந்த நேரம் ராகு தன்ர வேலையை முடிச்சுக்கொண்டு வீட்ட போயிருப்பான். நீங்கள் யாழ்ப்பாணத்துச் சூரியனை வைச்சு பிளேஸ்டோவில நேரம் பாக்கிறியள்."

நான் அன்று பேசிய பகுத்தறிவை ஒரு மேடையில் பேசியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். மூடநம்பிக்கை என்றேன். அடுத்த தலைமுறை என்றேன். பூசை முடித்துவிட்டு வருகிறவர்களை இந்தக் குளிரில் காக்க வைப்பது மனிதத்தன்மையா என்றும் கேட்டேன். கிக்-ஆஃப் நேரத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

இவர் அசையவில்லை. ஆறு மணிக்குப் பிறகுதான் என்று முடிவாயிற்று.

அவர்கள் ஆறு பத்துக்கு வந்தார்கள். றீற்றா கோட்டுக்குள்ளே அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். கையில் ஒரு பெரிய கேக். ஜெறோமின் அப்பா அதிகம் பேசாத மனிதர். ஜெறோம் இந்த வீட்டுக்கு ஐம்பது தடவை வந்த பிள்ளை, அன்றைக்கு மட்டும் புது ஆள் மாதிரி சோபா நுனியில் இருந்தான். எல்லோரையும் இருக்கச் சொன்னேன். கேக்கை வாங்கினேன். "தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போனேன்.

குசினியில், பிரெட் வைக்கிற பாண் பெட்டிக்குப் பின்னால், சத்தத்தைக் குறைத்து வைத்த டேப்லட்.

இதில் ஒரு மறைவான விஷயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சீசனின் கடைசி மூன்று வாரமும் நான் ஆட்டத்தை நின்றுகொண்டே பார்த்தேன். முதல் தடவை தற்செயல். கால் உளைகிறது என்று கதிரையில் உட்கார்ந்தேன், அடுத்த நிமிடமே எதிராளி ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தான். எழும்பினேன், வென்றோம். அடுத்த வாரமும் நின்றேன், வென்றோம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. இனி எப்படி உட்காருவது? முதல் நாள்தான் ராகுகாலத்தை மூடநம்பிக்கை என்று கிழித்தவள் நான். இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் பெண்ணின் தாய் குசினிக்குப் போய் வருவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். தேத்தண்ணி கொண்டு போய் வைத்தேன், திரும்பினேன். ரோல்ஸ் பொரித்துக் கொண்டு போனேன், திரும்பினேன். மறுபடியும் தேத்தண்ணி. பாவம், வேண்டாம் என்று சொன்னால் மரியாதையில்லை என்று அவர்களும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் ஒருக்கா இருங்கோவன் அக்கா" என்றார் றீற்றா.

"இல்லை, எனக்கு நிண்டு பழக்கம்."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தாரணி குசினிக்குள் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அம்மா, வாட் ஆர் யூ டூயிங்? ஆன்ட்டி எத்தினை தரம் இருக்கச் சொல்லுறா. ப்ளீஸ், வந்து இருங்கோ."

"அஞ்சு நிமிசம் தாம்மா."

"ஃபுட்போல் அஞ்சு நிமிசமா, நோர்மல் அஞ்சு நிமிசமா?"

அந்த இடத்திலேயே டேப்லட்டை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? இல்லை. சேலையைச் சரி செய்துகொண்டு, டேப்லட் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குசினி வாசலில் போய் நின்றேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

ஏனென்றால் அந்த நேரத்தில்தான் றீற்றா என்னைப் பார்த்து, அன்றைக்கு வந்த காரணத்தையே கேட்டார். "கோயில்ல ஒருக்கா, சேர்ச்சில ஒருக்கா எண்டு ரெண்டு இடத்திலயும் வைப்பம் எண்டு நினைக்கிறம். சேர்ச்சில வைக்கிறதில உங்களுக்கு மனக்கஷ்டம் ஒண்டும் இல்லைத்தானே அக்கா?"

அதே நொடியில் எங்கள் ஆள் எறிந்த பந்தை எதிராளி பறித்துக்கொண்டு ஓடினான்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நெற்றியில் கை வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். முன் அறையில் எல்லாக் கதையும் நின்றுவிட்டது. எனக்கு அதுகூட உறைக்கவில்லை.

ஒன்பது மணி ஆகியிருந்தது. சோறும் கறிகளும் சூடாக்கி வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டேன். "சாப்பாடு வேண்டாம். நாங்கள் வெளிக்கிடுறம்" என்று ஜெறோமின் அப்பா சொல்வது கேட்டது. சம்பந்தம் பேச வந்தவர்கள் கை நனைக்காமல் எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

றீற்றா குசினிக்குள் வந்தார். கோட் போட்டுவிட்டார்.

"அக்கா, நான் நேராக் கேக்கிறன். நாங்கள் வேதக்காரர் எண்டதுதானே உங்களுக்குப் பிரச்சினை? ராகுகாலம் எண்டீங்கள், சரியெண்டு காருக்குள்ள ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வந்தம். வந்த நேரத்தில இருந்து எங்களோட நீங்கள் இருக்கேல்லை. விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. என்ர பிள்ளை நாலு வருசமா உங்களை அம்மா எண்டுதான் கதைக்கிறவன். அவனுக்கு முன்னால இப்பிடிச் செய்யாதையுங்கோ."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அவர்கள் எங்கள் தெருமுனையில் காருக்குள்ளே ஒரு மணித்தியாலம் இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

ஒருவர் நம்மோடு உட்காராவிட்டால் காரணம் நாம்தான் என்று நினைக்கிறோம். வேறு எப்படி நினைப்பது? உள்ளே பாண் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

குசினியில் கிடந்த ஸ்டூலை இழுத்தேன். உட்கார்ந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக.

"றீற்றா, எனக்கு சேர்ச் ஒரு பிரச்சினையே இல்லை. உங்கட பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நான் ஒரு விசரி. இதைப் பாருங்கோ." பாண் பெட்டியை நகர்த்தினேன். மூன்று வாரமாக நின்றதையும் வென்றதையும், பந்து பறிபோன நேரத்தில் அவர் கேள்வி கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை யார் நம்புவார்கள் என்று எனக்கே தோன்றியது.

அவர் டேப்லட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்ப நீங்கள் நிண்டால்தான் வெல்லுவினம்?"

"மூண்டு கிழமையும் அப்பிடித்தான்."

"முடிஞ்சிட்டுதோ?"

"இன்னும் ஒரு நிமிசம் இருக்கு. ரெண்டு புள்ளி பின்னுக்கு. ஒரு உதை சரியாப் போனால் மூண்டு புள்ளி, வெல்லலாம்."

"இது நேத்திக்கடனெல்லோ அக்கா. நேத்தியை இடையில விடக் கூடாது. எழும்புங்கோ." என் கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார். "ஜெறோம் ஏ-லெவல் சோதினை எழுதேக்க, அவன் வீட்ட வருமட்டும் நான் பச்சைத் தண்ணி வாயில வைக்கிறேல்லை. எங்கட ஃபாதருக்கு இன்னும் தெரியாது."

அப்படியே இரண்டு பேரும் நின்றோம். அவர் கோட்டோடு, நான் அகப்பையோடு. இந்த விளையாட்டில் கடைசி ஒரு நிமிடம் என்பது பத்து நிமிடம் ஓடும். நிறுத்துவார்கள், விளம்பரம் போடுவார்கள், மறுபடி நிறுத்துவார்கள். "என்ன கோதாரிக்கு நிப்பாட்டுறாங்கள்?" என்று றீற்றா கேட்டார். அவருடைய கை என் கையை இறுக்கிக்கொண்டே போனது.

உதைத்தான்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

அழுதேன். மறைத்து என்ன பயன்? ஐம்பத்தைந்து வயதில், சேலை கட்டிக்கொண்டு, மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நாளில் குசினியில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அந்த உதைக்கு மட்டும் அழுதேனா, மகளின் முகத்துக்கும் சேர்த்து அழுதேனா, தெரியவில்லை. சத்தம் கேட்டு முன் அறையில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்து வாசலில் நின்றார்கள். தாரணியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

றீற்றா தன் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தார். "அழாதையுங்கோ சம்பந்தி. அடுத்த வருசம் பாப்பம்."

சம்பந்தி. அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெறோம் போய் அவள் பக்கத்தில் நின்றான். நடந்தது என்னவென்று ஆண்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் ஜெறோமின் அப்பா பேசாமல் போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்.

எல்லோரும் சாப்பிட்டோம். கடைசியில் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாள் விஷயத்துக்கு வந்தார். "வாற வருசம் தையில வைப்பமே? தை நல்ல மாதம்."

நான் வாய் திறக்கும் முன் றீற்றா சொன்னார்:

"தை ஏலாது அண்ணை. எங்களுக்கு மட்ச் இருக்கு."