கப்பல் ஏணிக்குப் பதினாலு படி

ஐயா சோபாவில் இருந்தார். அவருக்கு வலது பக்கம் மகன், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர். இடது பக்கம் மருமகள், மேடம். தரையில் கால் நீட்டிக்கொண்டு பேத்தி, காலேஜ் படிக்கிற பெண். டி.வி.யில் வீடியோ காலில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கப்பல் கம்பெனியிலிருந்து பேசுகிறவர். செருப்பு ஸ்டாண்டு ஓரமாக டிரைவர். சமையலறை வாசலில் நான்.

ஐயாவுக்கு உதவிக்கு யார் வருகிறார் என்று டி.வி.யில் இருந்த பெண் கேட்டார். சார் டிரைவரைக் கைகாட்டினார். டிரைவர் ஒரு அடி முன்னால் வந்து, "குட் மார்னிங் மேடம்" என்றான். அந்தப் பெண் சிரித்துக் கையசைத்தார். அவனும் கையசைத்தான்.

அடுப்பில் பால் இருந்தது. நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐயாவுக்கு மூளையில் ரத்தம் கட்டி இடது கால் இழுத்துக்கொண்டு ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அவரைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, நடத்துவது எல்லாம் நான். ஜோகுபாளையத்திலிருந்து காலை ஆறரைக்கு நடந்தே வந்துவிடுவேன். அவர்கள் பிளாட் அல்சூர் ஏரிப் பக்கம், நாலாவது மாடி. டிரைவர் சந்தாபுராவிலிருந்து பைக்கில் வருகிறவன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். ஐயாவைக் காரில் ஏற்றுவதும் இறக்குவதும்கூட நான்தான். அவன் கதவைத் திறந்து பிடிப்பான்.

கப்பல் போகிற இடம் ஆஸ்திரேலியாவில் வடமேற்கு மூலை. பத்து நாள் பயணம். அந்தக் கரையில் ஊர் கிடையாது, ரோடு கிடையாது. சிவப்புப் பாறை சுவர் மாதிரி நிற்கும். அருவி நேராகக் கடலில் விழும். சேற்றில் முதலை படுத்திருக்கும். கப்பலைத் தூரத்தில் நிறுத்தி, ரப்பர் படகில் ஏற்றிக் கிட்டே கொண்டுபோய்க் காட்டுவார்கள். மொத்தம் நூறு பேருக்குத்தான் இடம். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பால்கனி. அந்தப் பால்கனியில் ஒருவன் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டீ குடிப்பது போல ஒரு படம் கம்பெனி அனுப்பிய புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சாரும் மேடமும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காகப் போட்ட ஏற்பாடு அது. சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது ஐயா, "நானும் வரேன்" என்றார். எல்லோரும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். அவர் எதையும் கேட்கிறவர் இல்லை. எண்பத்தொரு வயது. பெயின்ட் பேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர்.

"நாப்பது வருஷம் டப்பாவுக்கு டப்பா கப்பல் படம் ஒட்டிருக்கேன். ஒரு தடவையாச்சும் உள்ள போய்ப் பாக்கறேனே" என்றார்.

முதலில் என்னைத்தான் கேட்டார்கள். இதைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

"நீங்க இல்லாம அவர யார் பாத்துப்பா? சீக்கிரம் ஒரு பாஸ்போர்ட் எடுத்துடுங்க" என்றார் மேடம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி அடுத்த நாளே சிவாஜி நகர் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள்.

"அங்க வெயில்டி" என்றேன்.

"கப்பல்ல ஏசி இருக்காதா? பெரிய எடத்துக்குப் போறப்ப நடுங்கினு நிப்பியா?"

அவள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

பாஸ்போர்ட் ஆபீசில் என் ஆதாரையும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆதாரில் ஜனவரி ஒன்றாம் தேதி. எழுதிக்கொள்ள வந்தவரிடம் என் அம்மா தேதி தெரியாது என்று சொன்னதால் அவரே போட்டுவிட்ட தேதி. சர்டிபிகேட்டில் வேறு மாசம், வேறு வருஷம். ஒன்றைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். திருத்துவதற்கு அலைந்தேன். அதற்குள் விசாவுக்குக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. சார் என் தோளில் கை வைத்து, "சாரி, நம்ம கையில இல்ல" என்றார்.

டிரைவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "கத்தார்ல நாலு வருஷம் ஓட்டிருக்கேன் சார். பாஸ்போர்ட் ரெடியா கீது" என்றான்.

கேட்காமலே சொன்னான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சந்தில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்பார்கள். "இன்னா, எப்ப கப்பலு?" இப்போது இல்லை என்பேன். "ஏன், கப்பல் பஞ்சரா?" என்பார்கள். ஸ்வெட்டர் பீரோவில் கவரோடு இருந்தது.

அன்றைக்கு டி.வி.யில் அந்தப் பெண் சொன்னது இதுதான். பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். கப்பலின் பக்கவாட்டில் ஒரு ஏணி இருக்கிறது. பதினாலு படி. அதில் இறங்கித்தான் ரப்பர் படகுக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது அதே பதினாலையும் நடுவில் நிற்காமல் ஏற வேண்டும். கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்ளலாம். முடியும் என்று டாக்டர் ஒரு ஃபாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாதவர்களைக் கப்பலிலேயே சேர்க்க மாட்டார்கள்.

அப்படியென்றால் ஐயா ஏறினால்தான் ஐயா போக முடியும். ஐயா போனால்தான் டிரைவர்.

மறுநாளே ஆரம்பித்தோம். லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டு. ஒன்பது படி, ஒரு திருப்பம், மறுபடி ஒன்பது, அடுத்த மாடி. முதல் நாள் ஐந்தாவது படியில் மூச்சு வாங்கினார். நான் பின்னால் நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வேன். அவர் கண் கால் மேலேயே இருக்கும், எண்ண மாட்டார். எண்ணுவது நான். வாய்விட்டு எண்ணினால் பயப்படுவார் என்று மனசுக்குள் எண்ணுவேன்.

இரண்டாவது வாரத்தில் பதினொன்று. மூன்றாவது வாரத்தில் ஒரு மாடி முழுக்க ஏறி, கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முகம் வியர்த்துப் பளபளவென்று இருந்தது.

"போயிரலாம்ல?"

"போயிரலாம் ஐயா."

ஏற வைத்தது நான். போகப் போவது அவன். ஒவ்வொரு படிக்கும் அது தோன்றும். ஆனாலும் பெல்ட்டை விட்டதில்லை.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. காற்று புகாத சிவப்பு ஜாக்கெட், கழுத்து மறைகிற தொப்பி, தண்ணீரில் நடக்கிற ஷூ. எல்லாம் ஐந்து செட். டிரைவர் அவன் செட்டைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"அண்ணா, எப்டி கீறேன்?"

"மழையில நிக்கிற வாட்ச்மேன் மாதிரி கீற."

"பொறாம அண்ணா உனக்கு" என்று சிரித்தான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

ஷூ விலை உள்ளே ஒட்டியிருந்தது. அவன் அதைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருந்தான், ஊரில் காட்டுவதற்கு.

மேடம் என்னைக் கூப்பிட்டு, ஐயாவை எப்படிப் பிடிப்பது என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சொல்லிக்கொடுத்தேன். முழுக்க இல்லை. ஐயா இடது காலைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுப்பார். அந்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். முந்தித் தூக்கினால் அவருக்கு இடுப்பில் வலிக்கும். அதை மட்டும் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது. அவனுக்கு எதற்கு?

இரண்டு நாள் அவன் முந்தித் தூக்கினான். ஐயா முகம் சுளித்தார். நான் சும்மா நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவன் பிடித்தான், நான் கீழே நின்று பார்த்தேன். ஐயா மூச்சு இழுத்தார். அவன் காத்திருந்தான். அப்புறம் தூக்கினான். ஒன்பது, திருப்பம், ஒன்பது. மேலே போய் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"யாருடா சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டேன்.

"ஐயாதான். எம் மூச்சப் பாத்துத் தூக்குன்னாரு."

ஐயா படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்லாப் புடிக்கிறான்பா. உன் புடி கொஞ்சம் இறுக்கும்."

ஆறு வருஷத்தில் ஒரு நாளும் இறுக்குகிறது என்று சொன்னதில்லை.

அன்றைக்கே சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஃபாரத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டே போனார். நிற்காமல் எத்தனை படி ஏறுவார் என்று கேட்டார். சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். டிரைவர் கீழே கார் பார்க்கிங்கில் இருந்தான்.

டாக்டரும் என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் என் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆறு" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, தன்னால் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அவன் போகக் கூடாது. அது மட்டும் தெரியும்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "ஆறுதானா? எனக்கு இன்னும் ஜாஸ்தி மாதிரி இருந்துதே."

"நடுவுல நின்னு நின்னு ஏறுறீங்க ஐயா. உங்களுக்குத் தெரியல."

அவர் தலையாட்டினார். எண்ணுவது நான் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் எழுதினார். சார் வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றார்.

மறுநாள் டிரைவர் பார்க்கிங்கில் என்னை நிறுத்தினான்.

"அண்ணா, ஒரு மாடி ஏறினாரே. நீயும் பாத்தினு இருந்தியே."

"ஒரு நாள் ஏறினாரு. கடல்ல ஏணி ஆடும்."

"அத நீ சொல்லக் கூடாது, டாக்டரு சொல்லணும்." கார் துடைக்கிற துணியை உதறினான். "மாமியார் வூட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன் அண்ணா."

எனக்கு அது நன்றாக இருந்தது. அவன் மாமியார் வீட்டிலும் யாராவது கப்பல் பஞ்சரா என்று கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் நேராக மேலே போய் மேடத்திடம் சொல்லிவிட்டான். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் ஒரு மாடி ஏறினார்னு சொல்றான். நெஜமா?"

மாற்றிச் சொல்வதற்கு இடம் இருந்தது. ஃபாரம் இன்னும் மேசை மேல்தான் கிடந்தது.

"அவனுக்குப் போற ஆசை மேடம். அப்படித்தான் சொல்வான்."

மேடம் உடனே நம்பிவிட்டார். "நீங்க சொன்னா சரிதான். ஆறு வருஷம் பாக்கிறீங்க."

சார், மேடம், பேத்தி மூன்று பேரும் கிளம்பினார்கள். ஐயாதான் கிளம்பச் சொன்னார். வாசல் வரை நடந்து வந்து, "முதலைகிட்ட ஜாக்கிரத" என்று பேத்தியிடம் சொன்னார். அவருக்கு வாங்கிய ஜாக்கெட் அலமாரியில் இருந்தது. டிரைவர் செட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. காலையில் வருவான், காரைத் துடைப்பான், போவான். என்னிடம் பேசுவதை நிறுத்தினான்.

நான் ராத்திரிக்கும் அங்கேயே தங்கினேன். தினமும் போட்டோ வரும். சிவப்புப் பாறைக்கு அடியில் ரப்பர் படகு, அதில் மூன்று பேர், சின்னதாக. அருவி. ஒரு மணல் திட்டு, அதில் ஒரு காலடிகூட இல்லை. பால்கனியில் சார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எல்லாம் முடிந்த பிறகும் எரிந்தது. நான் போகாத இடத்துக்கு யார் போனாலும் எரியும் போலிருக்கிறது.

ஐயா ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்ப்பார். ஏணி தெரிகிற ஒரு படம் வந்தது. அதை ரொம்ப நேரம் வைத்திருந்தார். விரலால் படிகளைத் தொட்டுக்கொண்டே போனார். அன்று சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் குளித்து முடித்ததும், "படிக்குப் போலாம்" என்றார்.

"இப்ப எதுக்கு ஐயா?"

"வாப்பா."

பெல்ட்டைப் பிடித்தேன். தளர்த்திப் பிடித்தேன். அவர் மூச்சு இழுத்தார், காலை வைத்தார். திருப்பத்தில் நிற்கவில்லை. ஐந்தாவது மாடிக் கதவு வந்தது. அதைத் தொடவும் இல்லை, நிற்கவும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போதும் ஐயா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த திருப்பத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு அடங்க நேரம் ஆனது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எண்ணினியா?" என்றார்.

"எண்ணினேன் ஐயா."

"எத்தன?"

"இருபத்தேழு."