காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் வசிக்கும் முதியோர் குடியிருப்புக்கு ஒரு விதிமுறைப் புத்தகம் உண்டு. அதில் விதி பதினொன்று சொல்கிறது: உணவுப் பட்டியலில் நிரந்தர மாற்றம் செய்யும் முன் குடியிருப்போரின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களுக்கு மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். தெளிவான விதி. எழுதியவர் யாரோ ஒழுங்காக வேலை பார்த்த ஆள். அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அதைப் படித்ததே இல்லை என்பது, கலெக்டர் அலுவலகத்தில் கோப்புகளோடு தலை நரைத்த எனக்கு வியப்பாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்தார்கள். உணவு ஆலோசகராம், கன்னத்தோடு ஒட்டிய மைக்கில் ஓர் இளைஞர் பேசினார். மறதி தட்டிலிருந்துதான் வருகிறதாம். பால், தயிர், முட்டை, மீன் எல்லாம் மூளையை மந்தமாக்குமாம். இனி சிறுதானியம், வல்லாரை, பாதாம், அக்ரூட். திரையில் ஒரு மூளைப் படம், பக்கத்தில் ஓர் அக்ரூட் படம். இரண்டும் ஒரே வடிவம், ஆகவே ஒன்று மற்றதற்கு நல்லது. இந்தத் தர்க்கப்படி முருங்கைக்காய் எதற்கு நல்லது என்று கேட்க நினைத்தேன். பெண்கள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

எழுந்து விதி பதினொன்றை மட்டும் சொன்னேன். மேலாளர் ஒரு பெண். ஆண்கள் அனைவரும் அவருக்கு அங்கிள். "அங்கிள், இது உங்க ஹெல்த்துக்குத்தானே! இதுக்குப் போய் ரூல்ஸா?" என்று சிரித்தார்.

கூடம் கைதட்டியது. கல்பாக்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற விஞ்ஞானிகள் சிலர் இங்கே இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் ஆதாரம் கேட்டே பழகியவர்கள் அக்ரூட் படத்துக்குக் கைதட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், படகுகள் நெத்திலியைக் கொட்டிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ பொட்டலத்தில் வரும் கொட்டை அறிவை வளர்க்கும். எதிரே துள்ளும் மீன் கெடுக்கும். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு அடுத்த அறையில் இருப்பவர் பாய். செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். வாரம் இருமுறை மீன் குழம்பு உண்டு என்ற ஒரே காரணத்துக்காக இந்த இடத்துக்கு வந்தவர். அவராவது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர்தான் முதல் சீடரானார்.

"இன்னா சார் பண்றது? எங்க அண்ணன் கதி எனக்கு வராம இருந்தா போதும்" என்றார்.

அண்ணன் கடைசிக் காலத்தில் பாயை வாடிக்கையாளர் என்று நினைத்து, மடியில் இருந்த துண்டை விரித்துக் காட்டி, "சாயம் போவாது, தைரியமா எட்த்துக்குங்க" என்றாராம். அந்தப் பயத்தில் பாய் தயிரைக்கூடத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக பஸ் ஏறி மாமல்லபுரம் போவார். அங்கே அவருடைய அக்கா மகள் ஆக்கி வைத்திருக்கும் மீனையும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார்.

நான் பிறப்பிலேயே சைவம். மீன் போனதில் எனக்கு நஷ்டமில்லை. தயிரை எடுத்ததை மன்னிக்கவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் பால் வாங்கிக் காய்ச்சி, அறையிலேயே உறை ஊற்றினேன். அதைத் தடுக்கும் விதி இல்லை, பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு பாய் தடுமாறத் தொடங்கினார். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடப்பார். பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்பார். குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. ஒருநாள் என் வேட்டியைத் தடவிப் பார்த்து, "இந்தத் துணிக்கு ஒரு பேர் கீதே சார், இன்னாது அது?" என்றார். ஆயுள் முழுக்கத் துணி விற்றவர் கேட்ட கேள்வி அது.

சில மாதங்களுக்கு ஒருமுறை நிர்வாகம் எங்கள் நினைவாற்றலைச் சோதிக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? சாம்பல் நிறத்தில், கரண்டியை விட்டு இறங்க மறுத்து, கஞ்சியிலும் சேராமல் களியிலும் சேராமல் தட்டில் கிடந்த அந்த வஸ்துவுக்கு, அதைச் சமைத்தவருக்கே பெயர் தெரியாது. "பெயரில்லாத பொருளின் பெயரைக் கேட்பது முறையான கேள்வி அல்ல" என்றேன். எனக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். பாய் நேர்மையாக, "தெரிலமா" என்றார். அடுத்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கும் அதே பதில்தான்.

அவரை மூன்றாம் மாடிக்கு மாற்ற முடிவு செய்தார்கள். அந்த மாடிக்கு 'நினைவுச் சோலை' என்று பெயர். அங்கே செடி கிடையாது, வெளிப்புறம் பூட்டு உண்டு. உள்ளே போனவர்கள் தனியாக கேட்டைத் தாண்ட முடியாது.

"அப்போ வெள்ளிக்கிழமையும் போய்டுமா சார்?" என்று பாய் என்னைக் கேட்டார். அறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றே சென்னையில் இருக்கும் அறங்காவலர்களுக்கு மேல்முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அறையை மாற்றக் கூடாது என்ற விதியை மேலாளருக்குப் படித்துக் காட்டினேன். "இப்படியெல்லாம் ஒரு ரூல் இருக்கா அங்கிள்?" என்றார். அவர் மேஜையில் இருந்த புத்தகத்திலிருந்துதான் படித்தேன்.

அடுத்த நாள் பாயைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"சுகர் மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"கட வச்சினு இருந்தப்பவே துன்னுகினுதான் இருந்தேன்மா."

"சாப்பாடு?"

பாய் பெருமையோடு அக்ரூட்டில் தொடங்கி வல்லாரையில் முடித்தார்.

"பால், தயிர்?"

"தொடறதே இல்ல."

"முட்டை, மீன், கறி?"

"எல்லாம் வுட்டாச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாருங்க இந்த யோசனையைக் குடுத்தது?"

"மைக்கு வச்சினு ஒரு தம்பி வந்தாரு."

பி-12 என்ற சத்து பால், முட்டை, மீன், கறியில்தான் இயல்பாக இருக்கிறது, பல வருடம் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையும் அதைக் குறைக்கலாம், குறைந்தால் காலும் மரத்துப்போகும், ஞாபகமும் தடுமாறும் என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "வயசானவங்க மறதிக்கெல்லாம் இதுதான் காரணம்னு கிளம்பிடாதீங்க சார். வேற காரணமா இருந்தா ஊசி போட்டாலும் திரும்பாது. முதல்ல ரத்தத்தைப் பார்ப்போம்" என்றார். ஒலிபெருக்கி இல்லாமல் பேசினார். அதனால்தானோ என்னவோ, நம்பத் தோன்றியது.

சத்து மிகவும் குறைந்திருந்தது. ஊசி தொடங்கினார்கள். அந்த வெள்ளிக்கிழமை நானும் மாமல்லபுரம் போனேன். விஷயத்தைக் கேட்ட அக்கா மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மூளைக்கு நல்லதுன்னு கொட்டையத் துன்னுட்டு மீன வுட்டியே மாமா, உனக்கு இன்னா மூள கீது?" என்றாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு சங்கரா மீனைச் சாப்பிட்டார். எனக்குக் கெட்டித் தயிர்.

அறங்காவலர்களிடமிருந்து பதில் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை இணைத்து நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. கிழவர்களின் ஞாபகத்தைச் சோதிப்பவர்களுக்கு நினைவூட்டு அனுப்ப வேண்டியிருந்ததை அவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாய் மெதுவாகத்தான் தேறினார். கால் மரத்துப்போவது முழுக்கப் போகவில்லை. சில பெயர்கள் இன்னும் வருவதில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் என் வேட்டியைப் பிடித்து விரலால் நெருடினார். "மல்லு. எட்டு முழம். கரை சுமார்தான். எவன் சார் இத்த உங்க தலைல கட்னான்?"

அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை அவமானப்பட்டதில்லை.

கடைசியில் பதில் வந்தது. அறை மாற்றம் கைவிடப்படுகிறது. விரும்புவோருக்குத் தயிர், முட்டை, மீன் மீண்டும் வழங்கப்படும். வருத்தம் என்ற சொல்லே இல்லை. விதி பதினொன்றை விதி பத்து என்று குறிப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தில் தேதி இல்லை. புதிதாகச் சேர்ந்த எழுத்தர்கூட என்னிடம் அப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுவரத் துணிந்திருக்க மாட்டார்.

பெறப்பட்ட நாளையாவது குறித்து வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். தேதி சட்டென்று வரவில்லை.

"பாய், இன்னைக்கு என்ன தேதி?"

"இன்னா சார் நீங்களே கேக்கறீங்க? ஆடிப் பதினெட்டு. தள்ளுபடி நேரத்துல கடையில நிக்க எடம் இருக்காதே, அத்த மறப்பனா? காலைல இட்லி, அப்புறம் உங்க ரூம்ல ஒரு கிண்ணம் தயிரு. அதையும் எழுதிக்குங்க."

அதை எழுத விதியில் இடமில்லை. கடிதத்தின் மூலையில் தேதியை மட்டும் எழுதினேன்: ஆகஸ்ட் மூன்று.