அன்னக்கொடி எழுதாத இங்கிலீஷ் பரீட்சை

எழுமலை அன்னக்கொடிக்குக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும். வேறு ஆசையே கிடையாது. மதுரையில் விடுதியில் தங்கி, பட்டப்படிப்புக்கு முந்தின ஒரு வருசப் படிப்பான பி.யு.சி. படித்தாள். எல்லாப் பாடமும் தேறினாள், பாழாய்ப்போன இங்கிலீஷ் மட்டும் காலை வாரிவிட்டது. சரி, மறுபடி எழுதினால் போச்சு என்று செல்லூரில் ஜனகராஜ் சார் நடத்திய டுடோரியலில் சேர்ந்தாள்.

உலகத்துப் படிப்பைப் பற்றி ஜனகராஜ் சார் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கிற காப்பி ஆறிப்போகும்.

“ஏம்மா, லண்டன்ல பள்ளிக்கூடம் முடிச்சா மூணே வருசத்துல டிகிரி. அமெரிக்காவுல நாலு. நம்ம பி.யு.சி. எதுலயும் சேராம நடுவுல தொங்குச்சு. அதான் அதத் தூக்கிட்டு ப்ளஸ் டூ கொண்டாந்துட்டாங்க. இனிமே நம்ம டிகிரிய எந்த நாட்டுக்காரனும் குறை சொல்ல முடியாது!” என்பார். அப்புறம் குரலை இறக்கி, “வார அக்டோபரோட பழைய பரீட்சைய மூடுறாங்க. விட்டுறாத தாயி” என்பார்.

விடவா போகிறாள்? ஆனால் அந்த நேரம் பார்த்து ஊரில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அழ ஓடியவளைத் திரும்ப விடவில்லை. பங்காளி வீட்டுக் கேதம். கருமாதி முடியாமல் வயசுப்பெண் படி தாண்டக்கூடாதாம்.

“அண்ணே, இதான் கடைசிப் பரீட்சைண்ணே” என்று கெஞ்சினாள்.

“பரீட்சை எங்க ஓடிப்போகுது? வருசாவருசம் வரத்தான செய்யுது. ஊரு காறித் துப்பவா? பேசாம உக்காரு” என்றான் அண்ணன் சிவனாண்டி. மானாவாரி வெள்ளாமைக்காரன். இந்தப் பருவம் தப்பினால் அடுத்த பருவம் விதைக்கலாம் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த நியாயம். திரும்பி வராத பருவமும் உண்டு என்று அவள் சொன்னாளே! கேட்டால்தானே.

கருமாதி கழித்துப் போனவளிடம், “அந்தப் படிப்பே இல்லையேம்மா, ப்ளஸ் ஒன் சேரு” என்றார்கள் கல்லூரியில். பள்ளிக்கூடத்திலோ வயசு மீறிவிட்டது என்று கைவிரித்தார்கள். பிறகு பி.யு.சி. இல்லாமலே வீட்டிலிருந்து பி.ஏ. படிக்கலாம் என்று ஒரு புதுத் திட்டம் வந்தது. சமயநல்லூரில் வாக்கப்பட்டு, பிள்ளை பெற்று, அடுப்படியில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் படித்தாள். பட்டமும் வந்தது. போன இடத்திலெல்லாம், “பி.யு.சி., ப்ளஸ் டூ எதுவும் இல்லாத டிகிரி வேலைக்குச் செல்லாதும்மா” என்று ஒரே பதில்.

“சார், எந்த நாட்டுலயாச்சும் என்னையச் சேத்துக்கிருவாங்களா?” என்று ஜனகராஜ் சாரிடமே போய்க் கேட்டாள். அத்தனை நாட்டுக் கதையும் பேசுகிற மனுசன், அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

எண்பத்தொன்பதில் அவள் ஆத்தா செத்தாள். எடுத்த மறுநாள் சிவனாண்டியின் மகள் தங்கப்பொண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை. விடிந்ததும் மொட்டைத் தலையோடு அவனே மகளை மொபெட்டில் ஏற்றினான்.

“என்னப்பா, கருமாதி முடியலயே?” என்றாள் கேதத்துக்கு வந்த ஒருத்தி.

“அட, போத்தா! கேதம் பாத்துக்கிட்டு இருந்தா பிள்ள படிப்பு என்னத்துக்கு ஆகுறது? பரீட்சை போனா வருமா?”

வாசலில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி எழுந்தாள். “அண்ணே...” என்றாள். அதற்குள் வண்டி தெரு முக்கைத் தாண்டிவிட்டது.

அடக்கமாட்டாமல் அவள் குமுறிக் குமுறி அழுதாள். ஆத்தா மேல் எம்புட்டுப் பாசம் என்று மதினி பாண்டியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு தேற்றினாள்.