கால் வீங்கிய கதை

அன்று காலை நடந்தவை, வரிசைப்படி:

1. தெப்பத்திருவிழா பார்க்க அப்பா, அம்மா, அத்தை, நான் நால்வரும் திருநகரிலிருந்து பஸ்ஸில் வண்டியூருக்குப் போனோம்.
2. தெப்பக்குளத்தை நெருங்கும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தாடை வலித்தது.
3. வாயுதான் என்று முடிவு செய்து அத்தை சோடா வாங்கிக் கொடுத்தாள்.
4. ஏப்பம் வந்தது. வலி போகவில்லை.
5. தெப்பம் நகரத் தொடங்கிய நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்த லேடி டாக்டர், பிரஷர் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். தனக்கு எந்த நோயும் இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லை என்றாள் அம்மா.

"பிரசவத்துக்குக்கூடவா?" என்றார் டாக்டர்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாரும் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் கதை ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டாள்.

"அத ஏன் கேக்குறீங்க! இவ மாசமா இருக்கையில காலு ரெண்டும் வாழத்தண்டு கணக்கா வீங்கிப்போச்சு. அம்புட்டு வீக்கம்னா ஆம்பளப் புள்ளதான்னு நான் அடிச்சுச் சொன்னேன். எந்தம்பி கொலசாமி பேரக்கூட எடுத்து வச்சுட்டான். கடைசியில பாத்தா, இந்தா நிக்கிறா!" என்று என்னைக் காட்டினாள்.

வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"தலைவலி இருந்துச்சா? கண்ணு மங்குச்சா?"

"ரெண்டும் இருந்துச்சு டாக்டர். பிரஷருன்னு எட்டாம் மாசமே ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. புள்ள பொறந்ததும் சரியாப் போச்சு," என்றாள் அம்மா.

"சரியாப் போகலம்மா. அப்ப பிரஷர் வந்தவங்களுக்குப் பின்னால இருதயத்துல தொந்தரவு வர வாய்ப்பு அதிகம். வருசா வருசம் பாத்திருக்கணும்."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். படுத்திருந்த அம்மாதான் அவள் கையைப் பிடித்தாள். "என்ன மதினி, எனக்கு ஏப்பம் வந்ததுக்கா அழுகுறீக?"

இவ்வளவு நல்ல கதைக்குச் சிரிக்கத் தெரியாத டாக்டர் என்றுதான் எனக்குத் தோன்றியது. வயிற்றில் நான் இருந்தபோது நடந்ததற்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் ஈ.சி.ஜி. இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அம்மா அன்று தொடங்கிய மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறாள். எனக்கு இது ஏழாம் மாதம். காலில் லேசான வீக்கம். அத்தை பையனா பெண்ணா என்று வாயே திறப்பதில்லை. தினமும் போன் செய்து, "பிரசர் பாத்தியாடி?" என்று கேட்கிறாள்.

பார்த்தேன். சரியாக இருக்கிறது.