தேவாலய வாசலில் கழற்றிய சப்பாத்து

அன்றைக்கு நகரத்தில் நடந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தங்கச்சி, தங்கச்சியின் மனுசன், அவர் வேலை செய்யும் ஒபிஸின் மனேஜர். மெல்பேர்னின் பழைய கட்டடங்களை ஆட்களுக்கு நடத்திக் காட்டுவது அந்தப் பெண் மனேஜரின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. தங்கச்சியின் மனுசனுக்குப் பதவி உயர்வு கொடுப்பதா இல்லையா என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

ஆகவே எங்கள் புறநகரான ரோவிலில் காரில் ஏறும்போதே தங்கச்சி சொல்லிவிட்டாள்.

"அக்கா, அவ சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு பின்னாலை வாங்கோ, அது போதும். மானத்தை வாங்கிப்போடாதேங்கோ."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளும்தான். மழை வந்தால் என்று குடை, தலை சுற்றினால் என்று குளிசை, பசித்தால் என்று ரொட்டி. காரைப் பூட்டியாச்சோ என்று தங்கச்சியின் மனுசனை இரண்டு தரம் கேட்டேன்.

மனேஜர் நன்றாகத்தான் காட்டினார். ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, அந்த ஊர்களைப் பார்த்துத்தான் இங்கே கட்டியிருக்கிறார்கள் என்றார். கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு, சின்னச் சின்னக் கல் பதித்த தரை. பிறகு ஒரு பெரிய தேவாலயம்.

வாசற்படியில் நான் சப்பாத்தைக் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை. கோயில் வாசல் வந்தால் கை தானாகக் காலுக்குப் போகும்.

"போடுங்கோ அக்கா. இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை," என்று தங்கச்சி பல்லைக் கடித்தாள். மனேஜரும் திரும்பி, இங்கே அது தேவையில்லை என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

குளிர் தரை, காய்ச்சல் வரும். சட்டம் ஏதும் இருக்குமோ? தங்கச்சியின் மனுசனுடைய பதவி உயர்வு என்னால் போய்விடுமோ? ஆனாலும் திரும்பப் போட மனம் வரவில்லை. எனக்குத் தேவை என்று, தெரிந்த ஆங்கிலத்தில் மனேஜருக்குச் சொன்னேன். தங்கச்சிக்குத் தமிழில் சொன்னேன்.

"சாமி இருக்கிற இடத்துக்குள்ளை நான் சப்பாத்தோடை வரமாட்டன். வெக்கமெண்டால் நீ தள்ளி நட."

மனேஜர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். வெறுங்காலோடு முழுவதையும் பார்த்தேன். கழுத்து நோகுமளவுக்கு உயர்ந்த தூண்கள். வெயில் பட்டு, கண்ணாடி ஓவியத்தின் சிவப்பும் நீலமும் தரையில் கிடந்தன. அந்தச் சிவப்புக்குள் காலை வைத்துக் கொஞ்சம் நின்றேன்.

வெளியே வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. நான் உள்ளே போனதும், ஆட்கள் பார்ப்பார்கள் என்று தங்கச்சி அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள். துப்புரவு செய்ய வந்தவர் குப்பையென்று கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போவோம் என்றாள். காட்டி முடியவில்லையே, நான் வரமாட்டேன் என்றேன். அவளுடைய மனுசன் புதுச் சப்பாத்து வாங்க ஓடினார். நான் மனேஜருக்குப் பின்னால், சுவரெல்லாம் படம் கீறிய சந்துக்குள் நடந்தேன். கண்ணாடித் துண்டு குத்துமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் அடி வைத்தேன். ஆனால் ஒரு சுவரையும் விடவில்லை. வீட்டளவு பெரிய ஒரு பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பதவி உயர்வு கிடைத்தது. என் காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

தங்கச்சிதான் காணும்போதெல்லாம் அந்தப் புதுச் சப்பாத்துக் காசைக் கேட்கிறாள். கழட்டினது நீங்கள்தானே என்கிறாள்.

"ஓம், கழட்டினது நான். ஒளிச்சது நீ."

கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அவள் கணக்கில் என் கடன் இன்னும் எண்பத்தொன்பது டொலர்.