நான் பிடுங்கி வைத்த சிவப்புக் கொடி

இது நடந்தது ஹைதராபாத்தில், ஒரு தசராவுக்கு முந்தைய சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி வாக்கில். வருடத்தையும் தேதியையும் ரயில்வே யார்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. தேதி இல்லாமல் எதையும் சொல்லிப் பழகாதவன் நான். ஆனால் இந்த மூன்றும் தெரிந்தால் அந்த மனிதர் யாரென்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். அவருக்கு நான் செய்தது போதும்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இங்கே உப்பலில் குடியிருக்கிறேன். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் வேலை. எந்தப் பொடி எந்த நிமிடத்தில் எந்தத் தொட்டியில் கொட்டப்பட்டது என்று மற்றவர்கள் எழுதி வைத்ததைச் சரிபார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் தொழில். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு முதன்முதலில் தண்ணீர் லாரி வந்த நாள்கூட என் நோட்டில் இருக்கிறது. என் மனைவி இதற்கு வியாதி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட ஒருவனுக்குக் கூட்ஸ் வண்டி மேல் மோகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பயணிகள் ரயிலுக்கு அட்டவணை உண்டு, அறிவிப்பு உண்டு. கூட்ஸ் வண்டி எப்போது வரும், எங்கே போகும் என்று வெளியில் நிற்பவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வேகனும் தன் வரலாற்றைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். கட்டிய வருடம், கடைசியாகப் பணிமனைக்குப் போன தேதி, அடுத்து எப்போது போக வேண்டும் என்ற தேதி. பக்கத்தில் யாரோ சாக்பீஸால் கிறுக்கிய ஏதோ ஒரு ஊரின் பெயர். ஒரு முறை, பதினான்கு மாதத்துக்கு முன் பார்த்துக் குறித்து வைத்த அதே எண் வேகன் திரும்ப வந்து நின்றது. பள்ளித் தோழனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

முதலில் மேம்பாலத்தில் நின்று பார்த்தேன். பிறகு வேலி ஓரம். வேலியைத் தாண்டி உள்ளே போனது அவரால்.

யார்டு வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஊரு எது சார்?" என்று விசாரித்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதிருக்கும். அவருடைய தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக லாலாகுடா வாசம். பிள்ளைகளிடம் இவர் தமிழில் பேசினால் பதில் தெலுங்கில் வருமாம். அதனால் தமிழ் பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார். அந்தத் தமிழிலும் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம். நான் வேகன் எண்களைக் குறிக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். "கைக்கு சார்? எல்லாம் இரும்பு டப்பா. நாப்பது வருசமா பாத்து எனக்கு அலுத்துப் போச்சு." ஆனாலும் அடுத்த சனிக்கிழமை, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு உள்ளே கூட்டிப் போனார். வெளி ஆளை உள்ளே விடுவது தப்பு என்று இருவருக்குமே தெரியும்.

வந்து நிற்கும் வேகன்களுக்கு அடியில் புகுந்து, தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுவது அவர் வேலை. ஜோடியாகச் செய்கிற வேலை அது. அவரோடு இருந்தவர் முப்பது வயதுக்காரர், தெலுங்கர், இவரை 'அன்னா' என்றுதான் கூப்பிடுவார். ஒருவர் வண்டிக்கு அடியில் போவார். அதற்கு முன் மற்றவர், எஞ்சின் வரக்கூடிய பக்கத்தில், தண்டவாளத்துக்கு நடுவே சிவப்புக் கொடி கட்டிய கம்பியை நடுவார். கொடி நிற்கிற வரை எந்த எஞ்சினும் அந்த வண்டியைத் தொடாது. ஒரு நாள் அதை எனக்குக் காட்டிச் சொன்னார்: "நட்டவன்தான் எடுக்கணும் சார். பெரிய ஆபீசரே வந்தாலும் நக்கோ." அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை காலி வேகன்கள் நீளமாக நின்றன. கடைசியில், வண்டியின் கார்டு உட்கார்ந்து வரும் கார்டு பெட்டி. அதில் கட்டிய வருடம் பொறித்த ஒரு சின்னத் தகடு இருந்தது. அதைப் படம் எடுக்க வேண்டும் எனக்கு. காற்று பலமாக இருந்தது. எதிரே நட்டிருந்த கொடி பறந்து பறந்து சரியாக அந்தத் தகட்டின் மேலேயே விழுந்தது. ஒரு படம் எடுத்தேன், வருடம் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். நான் கம்பியைப் பிடுங்கி ஓரமாக ஜல்லி மேல் படுக்க வைத்தேன். இரண்டாவது படம் தெளிவாக வந்தது.

ஒரு நிமிடத்தில் திரும்ப நட்டுவிடலாம் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது மூன்றாவது பாதையில், இப்போதெல்லாம் கண்ணில் படாத பழைய மாதிரி வேகன் ஒன்று தெரிந்தது. நோட்டைத் திறந்துகொண்டே அங்கே போய்விட்டேன்.

அலறல் கேட்டுத்தான் திரும்பினேன். அவர் பிரேக் கட்டை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், கொடி இல்லாத பாதையில் எஞ்சின் வருவதைப் பார்த்திருக்கிறார். கட்டையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்துத் துண்டை உருவி வீசிக்கொண்டு, ஜல்லியில் தடுக்கித் தடுக்கி எஞ்சினுக்கு நேர் எதிரே ஓடினார். கார்டு பெட்டிக்குப் பத்தடி இருக்கும்போது எஞ்சின் நின்றது. சத்தம் கேட்டு அடியிலிருந்து வேகமாக வெளியே வந்த இளையவரின் நெற்றி ஏதோ இரும்பில் மோதி, புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

இரண்டு வேகன்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். இளையவர் திட்டவில்லை. "ஜெண்டா ஏதி அன்னா?" என்று மட்டும் கேட்டார். கொடி எங்கே என்று. நட்டேனே என்றார் இவர். பிறகு ஜல்லி மேல் கிடந்த கொடியைப் பார்த்தார். நட்டேன் என்று மறுபடியும் சொன்னார், குரல் இறங்கியிருந்தது. எஞ்சினிலிருந்து இறங்கியவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

பதினைந்து தப்படி வைத்தால் போதும், நான் அங்கே இருந்திருப்பேன். எதிர்த் திசையில் நடந்து, வேலியைத் தாண்டி, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் போய் நின்றால் வெளி ஆளை உள்ளே விட்டதும் சேர்ந்து வெளியே வரும், அவருக்குத்தான் இன்னும் கெடுதல் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஒளிந்துகொள்ள நியாயமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் எவ்வளவு வசதி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அன்றைய பக்கத்தில் கார்டு பெட்டி கட்டிய வருடத்தையும், அந்தப் பழைய வேகனின் எண்ணையும் எழுதினேன். கொடியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அதன் பிறகு யார்டு பக்கமே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. சங்கராந்தி கழிந்த மறு வாரம், ஒரு புதன்கிழமை மதியம், நான் கம்பெனி கேண்டீனில் இருந்தபோது அவர் போன் வந்தது. நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், நீங்க எல்லாத்தயும் டைம் போட்டு எழுதற ஆளு. அன்னைக்கு நான் கொடி நட்டனா? நீங்க பாத்தீங்களா?"

 பதிலுக்குக் காத்திராமல் அவரே சொல்லிக்கொண்டு போனார். மேலதிகாரி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததோடு விட்டுவிட்டார், அது பெரிதில்லை. ஆனால் இளையவர் இவர் நட்ட கொடியை நம்பி அடியில் போவதில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் தானே நடந்து போய்க் கொடியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் குனிவார். அதைப் பார்க்க முடியாமல் இவரே கேட்டு, கருவி அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டுவிட்டார். வீட்டில் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். ஆனாலும் இப்போது தெருமுனை வரை போனவர் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறாராம். கேஸ் அடுப்பை மூன்று முறை திருகுகிறாராம்.

"கம்பிய கல்லால அடிச்சது கையிலயே இருக்கு சார். ஆனா கொடி கீழதான கெடந்துச்சு? அப்ப என் தலைதான கெட்டுப் போச்சு?"

"நான் கவனிக்கலைங்க" என்றேன்.

"பரவால்ல சார். நீங்க வேகன் பாக்க வந்தவரு" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை யார்டில் வாய் திறக்காதது ஒன்று. இது வேறு. அந்த மனிதர் தன் புத்தி சரியாக இருக்கிறதா என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சியைத் தேடி வந்தார். சாட்சி பொய் சொன்னான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு படங்களையும் அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் படம் ஏழு நாற்பத்திரண்டு. கொடி நிற்கிறது. இரண்டாவது படம் ஏழு நாற்பத்து நான்கு. கொடி இல்லை. முதல் படத்தைப் பெரிதாக்கியபோது, வலது ஓரத்தில், வேகன்களை ஒட்டி நடந்து போகும் ஒருவரின் முதுகு தெரிந்தது. கழுத்தில் துண்டு. கையில் ஒரு கருங்கல். கம்பியை அடித்து இறக்கிவிட்டுப் போகிறார். அதை அழிக்கக் கை வரவில்லை.

ஆனாலும் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரை அதே டீக்கடைக்கு வரச் சொல்லி, படங்களை ஏற்றி வைத்திருந்த போனை நீட்டினேன். முதல் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தன் முதுகைக் கண்டுபிடித்தார். கல்லைக் கண்டுபிடித்தார். "நட்டிருக்கேன்" என்றார். கடைக்காரரைப் பார்த்து, அவருக்கு எதுவும் புரியாது என்று தெரிந்தும், மறுபடி சொன்னார். கண் கலங்கிவிட்டது. கொடியை எடுத்தது யார் என்ற கேள்வியே அவருக்கு இன்னும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். நான்தான் வலியச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் போனை மேஜை மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "கொடிய யாரும் தொட மாட்டாங்க சார். அதான் உங்க மேல சந்தேகமே வரல. என் மேலதான் வந்துச்சு."

யார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் உங்கள் தப்பும் வெளியே வரும் என்றேன். "ஹவ், வரட்டும். உங்கள உள்ள விட்டது நான் செஞ்சது, அதுக்கு வாங்கிக்கறேன். செய்யாததுக்கு நக்கோ." பிறகு, "மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. நான் கூடவே உக்காந்திருக்கேன்" என்றார்.

போன் செய்ததும் இளையவர் ட்யூட்டி முடிந்த கையோடு வந்தார். புருவத்தில் தழும்பு இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு படங்களையும், கீழே இருந்த நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொடியைப் பிடுங்கும்போது நான் அடியில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

யாரோ ஒருவர் இருப்பார் என்று தெரியும் என்றேன். அதற்கு மேல் அவர் என் பக்கம் திரும்பவில்லை. எழுந்துகொண்டே இவரிடம், "ரேப்பு ஜெண்டா நுவ்வே பெட்டு அன்னா" என்றார். நாளைக்குக் கொடி நீயே நடு என்று அர்த்தம். நான் வாங்கி வைத்த டீ அப்படியே இருந்தது.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அபராதம், அவருக்கு இன்னொரு எச்சரிக்கை. அடுத்த வாரமே அவர் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார். இனி உள்ளே வர வேண்டாம் சார் என்று, கோபமே இல்லாமல் சொன்னார். நான் போனதில்லை. அந்த முதல் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு ஷோகேஸில் அது இருப்பதாகக் கேள்வி.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நடந்ததை நடந்த அன்று எழுதத் தவறினால், பிறகு எழுதும்போது இரண்டு தேதி போட வேண்டும்: நடந்த தேதி, எழுதும் தேதி. பக்கத்தில் தாமதத்துக்கான காரணமும் எழுத வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என் நோட்டில், அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில், 'கொடியை எடுத்தவன் நான்' என்று எழுதி இரண்டு தேதியும் போட்டேன். இடையில் நூற்றுப் பதின்மூன்று நாள். அத்தனை நாளும் ஒரு மனிதர் தன் வீட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், அவருடைய நன்மைக்காக என்று எழுதத்தான் முதலில் பேனா போனது. 'பயம்' என்று எழுதினேன். இன்றும் அலுவலகத்தில் யாராவது தாமதமாக எழுதிய தாளைக் கொண்டுவந்து நீட்டினால், முன்போல நிமிர்ந்து உட்கார்ந்து ஏன் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.