பெரியப்பாவின் பொத்தான்கள்

சலவைக்கடையில் யாருடைய கோட்டிலிருந்தோ வந்த பாச்சை உருண்டை வாசனை, என்னை மயிலாப்பூர் வீட்டுக்குள் தள்ளிவிட்டது.

பெரியப்பாவின் விரல்கள் எப்போதும் காற்றில் எதையோ தேடுவதுபோல நடுங்கும். காலையில் அப்பாதான் அவருக்குக் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிடுவார், இரவில் கழற்றிவிடுவார். வெளியே எங்குமே போகாதவர், அந்தக் கோட்டோடு ஜன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வாரம், நாங்களும் கிளம்பினோம். அவர் வர மறுத்தார்.

"ரயில்ல ஊரே வேடிக்கை பாக்க, நீ எனக்கு ஊட்டிவிடுவியாக்கும்?"

வாசலில் வண்டி காத்திருந்தது. அப்பா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பொத்தானில் அவர் கை நின்றது.

"ராத்திரி யார் அண்ணா கழட்டிவிடுவா?"

ஜன்னலைப் பார்த்தபடி பெரியப்பா சொன்னதுதான் நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு:

"கழுத்துக்கிட்ட இருக்கறதையும் போட்டுட்டுக் கிளம்புடா."